மெஷின் டிசைன் கற்க ஒரு ஷாஃப்ட் போதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

பொறியியல் கலந்தாய்வு நெருங்கினால் எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு, எந்த மென்பொருள் என்று நாளிதழ்களில் பக்கம் பக்கமாக ஆலோசனை வருகிறது. மெக்கானிக்கல் எடுத்த மாணவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒன்றுதான்: முப்பரிமாணப் படம் வரையும் மென்பொருள் ஒன்றைக் கற்றுக்கொள்ளுங்கள். அப்படியே கற்று, கண்ணைப் பறிக்கும் கியர்பாக்ஸ் படத்தோடு நேர்முகத் தேர்வுக்கும் வருகிறார்கள். "இந்த ஷாஃப்ட் இங்கே ஏன் 25 மி.மீ.? பக்கத்தில் ஏன் 30?" என்று, சுழலும் தண்டான ஷாஃப்ட்டைக் காட்டிக் கேட்டால் பேச்சு நின்றுவிடுகிறது. இயந்திர வடிவமைப்பின் அடிப்படையை எங்கிருந்து தொடங்குவது என்று கேட்கும் மாணவர்களுக்கும், அவர்களுக்குப் பாடம் எடுப்பவர்களுக்கும் சில விவரங்களைச் சொல்லவே இக்கடிதம்.

கல்லூரியில் மூன்றாம் ஆண்டில் இந்தப் பாடம் வருகிறது. ஷாஃப்ட், கீ (புல்லியை ஷாஃப்ட்டோடு பூட்டும் சிறு கட்டை), கப்ளிங் (இரு ஷாஃப்ட்டுகளை இணைப்பது), போல்ட், ஸ்பிரிங், பேரிங் (ஷாஃப்ட்டைத் தாங்கிச் சுழலவிடுவது) எல்லாம் தனித்தனி அலகுகள். தேர்விலும் தனித்தனிக் கேள்விகள். மெஷினில் இவை தனித்தனியாக இருப்பதில்லை. பேரிங்கின் துளை ஷாஃப்ட்டின் விட்டத்தை முடிவு செய்கிறது, புல்லி நிற்கும் தூரம் பேரிங்கின் சுமையை முடிவு செய்கிறது. ஆகவே பத்து உறுப்புகளின் சூத்திரங்களை மனப்பாடம் செய்வதைவிட, பெல்ட்டில் ஓடும் ஒரே ஒரு ஷாஃப்ட்டை எடுத்து, மோட்டாரிலிருந்து ஒர்க்‌ஷாப் டிராயிங் வரை கொண்டுபோய் முடிப்பது மேல். இந்தப் பாடத்தின் முக்கால்வாசி அந்த ஒன்றிலேயே வந்துவிடும்.

ஒரு கணக்கைப் போட்டே பார்க்கலாம். மோட்டார் 5 குதிரைத்திறன், அதாவது 3.7 கிலோவாட், நிமிடத்துக்கு 1440 சுற்று. மோட்டாரில் 100 மி.மீ. புல்லி, ஷாஃப்ட்டில் 300 மி.மீ. புல்லி. ஷாஃப்ட் 480 சுற்றில் ஓடும். அதன் மறுமுனை ஃபிளெக்ஸிபிள் கப்ளிங் வழியாக மெஷினை ஓட்டுகிறது. இரண்டு பேரிங்குகளுக்கு இடையே 300 மி.மீ.; புல்லி வெளியே, பேரிங் நடுவிலிருந்து 120 மி.மீ. தள்ளித் தொங்குகிறது.

முறுக்கு விசை: 9550-ஐக் கிலோவாட்டால் பெருக்கி நிமிடச் சுற்றால் வகுக்க வேண்டும். மோட்டாரில் 24.5 நியூட்டன் மீட்டர், பெல்ட் இழப்பை விட்டுவிட்டால் ஷாஃப்ட்டில் 73.6. புல்லியின் ஆரம் 0.15 மீட்டர் என்பதால் பெல்ட்டின் நிகர இழுவை 491 நியூட்டன். மாணவர்கள் வழக்கமாக இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். புல்லியைச் சுழற்றுவது இரு பக்க இழுவைகளின் வித்தியாசம். ஷாஃப்ட்டை வளைப்பதோ அவற்றின் கூட்டுத்தொகை. வி-பெல்ட்டில் இறுக்கப் பக்கம் தளர் பக்கத்தைப்போல் 5 மடங்கு என்று வைத்தால் ஒரு பக்கம் 613, மறுபக்கம் 123, கூட்டினால் 736 நியூட்டன். நிகர இழுவையைப்போல் ஒன்றரை மடங்கு. பேரிங் நடுவில் வளைவுத் திருப்பம் 736 × 0.12 = 88 நியூட்டன் மீட்டர். ஆக, வளைவு முறுக்கைவிட அதிகம். ஷாஃப்ட் என்றாலே முறுக்கம் என்று நினைப்பவர்களுக்கு இது முதல் அதிர்ச்சி.

அடுத்து விட்டம். பொருள் சி45 என்ற நடுத்தரக் கார்பன் எஃகு, கடையில் ஈ.என். 8 என்று கேட்டால் அதற்கு நெருங்கியது கிடைக்கும். இழுவலிமை 630 மெகாபாஸ்கல், ஈல்டு (நிரந்தரமாக உருக்குலையத் தொடங்கும் தகைவு; தகைவு என்பது பரப்பளவு ஒன்றுக்கு வரும் உள்விசை) 360. பாடநூல் முறையில் வளைவுக்கு 1.5, முறுக்குக்கு 1 என்று அதிர்ச்சிக் காரணி போட்டால் சமான முறுக்கு 151 நியூட்டன் மீட்டருக்குச் சற்று மேல். அனுமதிக்கும் வெட்டுத் தகைவு 108. கீ உட்காரும் பள்ளமான கீவேக்குக் கால் பங்கு கழித்தால் 81. விட்டம் 21.2 மி.மீ. என்று விடை வரும். தேர்வில் முழு மதிப்பெண்.

இந்த விடைக்குள் ஒரு கேள்வி ஒளிந்திருக்கிறது. வளைவு உச்சமாக இருப்பது பேரிங்கில். கீவே இருப்பதோ புல்லிக்குள், வளைவு ஏறக்குறைய ஒன்றுமில்லாத இடத்தில். இரண்டு கேடும் ஒரே இடத்தில் நடப்பதாக வைத்துப் போட்ட கணக்கு இது. பத்திரமான பக்கம் தவறுவதால் சேதமில்லை. ஆனால் ஷாஃப்ட் உண்மையில் எங்கே முறியும் என்பதை அது சொல்வதே இல்லை.

முறியும் இடம் பெரும்பாலும் படி இறங்கும் மூலை. புல்லி ஏறும் பகுதியை 25 மி.மீ. என்றும், பேரிங் ஏறும் பகுதியை 30 என்றும் வைக்கிறோம். இரண்டுக்கும் நடுவில் ஒரு ஷோல்டர், அதாவது படி, பேரிங் நடுவிலிருந்து 10 மி.மீ. தள்ளி. அங்கே வளைவுத் திருப்பம் 81 நியூட்டன் மீட்டர், 25 மி.மீ. விட்டத்தில் தகைவு 53 மெகாபாஸ்கல்தான். ஈல்டு 360 இருக்க 53-க்கு என்ன பயம்? நேரடி ஸ்டார்ட்டரில் மோட்டார் கிளம்பும் நொடியில் வளைவும் முறுக்கும் இரட்டிப்பானாலும் கூட்டுத் தகைவு 135-ஐத் தாண்டாது. நிலைச்சுமைக் கணக்குப்படி இந்த ஷாஃப்ட் காலத்துக்கும் நிற்க வேண்டும்.

நிற்காமல் போவதற்குக் காரணம் ஃபேட்டிக் எனப்படும் களைப்பு முறிவு. பெல்ட் எப்போதும் ஒரே திசையில் இழுக்கிறது, ஷாஃப்ட் சுழல்கிறது. மேற்பரப்பின் ஒவ்வொரு புள்ளியும் ஒரு சுற்றில் ஒருமுறை நீண்டு ஒருமுறை அமுங்குகிறது. 480 சுற்றில் பத்து லட்சம் தடவை ஆக 35 மணி நேரம் போதும். எட்டு மணி ஷிப்டாக ஓட்டினாலும் முதல் வாரத்துக்குள் முடிந்துவிடும். இத்தகைய மாறுதகைவை சி45 எவ்வளவு தாங்கும்? பாலிஷ் செய்த சோதனைத் துண்டில் இழுவலிமையில் பாதி, 315. லேத்தில் கடைந்த மேற்பரப்புக்கு 0.82, 25 மி.மீ. அளவுக்கு 0.88, 99 விழுக்காடு நம்பகத்துக்கு 0.81 என்று பெருக்கினால் சுமார் 184 மெகாபாஸ்கல்தான் மிஞ்சும்.

மறுபக்கம் மூலை என்ன செய்கிறது என்று பாருங்கள். டர்னர் கூர்மையான டூலால் படியிறக்கி, மூலையில் 0.5 மி.மீ. ரேடியஸ் விட்டால் தகைவுக் குவிப்பு 2.3 மடங்கு. 53 என்பது 121 ஆகும். தாங்கும் 184-ஐ அதால் வகுத்தால் பாதுகாப்புக் காரணி 1.5. அதே மூலையில் 2.5 மி.மீ. ரேடியஸ் கொடுத்தால் குவிப்பு 1.6 மடங்கு, தகைவு 85, காரணி 2.2. மூலை, பள்ளம் போன்ற நாட்ச் தரும் குவிப்பை எஃகு முழுதாக உணர்கிறது என்று எடுத்த கணக்கு இது. உண்மை சற்று இளக்கமாகவே இருக்கும். ஆனால் பெல்ட் வழுக்குகிறது என்று யாராவது மோட்டாரை நகர்த்தி இரண்டு மடங்கு இறுக்கிவிட்டால் என்ன ஆகும்? 1.5 என்பது 0.76 ஆகிவிடும்; முறிவு நிச்சயம், நாள்தான் தெரியாது. 2.2 இருந்தால் 1.1-இல் தப்பிக்கும். இத்தனைக்கும் ரேடியஸுக்குக் கூடுதல் செலவு எதுவும் இல்லை. டிராயிங்கில் "ஆர் 2.5" என்று எழுதியிருக்க வேண்டும், அவ்வளவுதான். எழுதாவிட்டால் டர்னர் தன் கையில் இருக்கும் டூலின் மூக்கைத்தான் அங்கே பதிப்பார். அது அவர் குற்றமில்லை.

இதைவிட நல்ல தீர்வும் இருக்கிறது. புல்லியை உள்ளே தள்ளி, 120 மி.மீ. தொங்கலை 70 ஆக்கினால் மூலையில் திருப்பம் 81-இலிருந்து 44 ஆகிவிடும். எஃகை மாற்றுவதற்கு முன், விட்டத்தைக் கூட்டுவதற்கு முன், தொங்கலைக் குறைக்க வழி உண்டா என்றுதான் பார்க்க வேண்டும். அதேபோல் கீவேயின் முனையை ஷோல்டருக்கு ஒட்டி நிறுத்தக் கூடாது. இரண்டு நாட்சும் கைகோத்துக்கொள்ளும். சர்க்லிப் எனும் பூட்டு வளையத்துக்கான பள்ளத்தை வளைவு அதிகமுள்ள இடத்தில் வெட்டுவதும் அதே வகைத் தவறு. பள்ளத்தின் அடிமூலைக்கு ரேடியஸ் ஏறக்குறைய கிடையாது.

இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயமல்ல. 1842 மே 8 அன்று பாரிஸுக்கும் வெர்சாய்க்கும் இடையே ஓடிய ரயிலின் என்ஜின் அச்சு முறிந்து 50-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதன் பிறகுதான் அச்சுகள் ஏன் திடீரென்று முறிகின்றன என்ற ஆய்வு வேகம் பிடித்தது. மறு ஆண்டே ஸ்காட்லாந்துப் பொறியாளர் ராங்கின், அச்சின் மூலைகளை வளைவாக விட வேண்டும் என்று எழுதினார். ஜெர்மானிய ரயில்வே பொறியாளர் ஆகஸ்ட் வோலர் 1850-களிலும் 60-களிலும் அச்சுகளைச் சுழற்றி வளைத்துச் சோதித்து, ஒருமுறை தாங்கும் சுமையும் பல லட்சம் முறை தாங்கும் சுமையும் வேறு என்று எண்களால் காட்டினார். நம் தரவு நூல்களில் இருக்கும் எண்டியூரன்ஸ் வரம்பு, அதாவது எத்தனை முறை மாறினாலும் தாங்கும் தகைவு, அங்கிருந்து வந்ததுதான்.

முறிந்த ஷாஃப்ட்டுகள் பழைய இரும்புக் கடையில் எடைக்குக் கிடைக்கும். கல்லூரிகள் பத்து துண்டு வாங்கி மேசையில் வைத்தாலே பாதிப் பாடம் நடந்துவிடும். களைப்பில் முறிந்த முகத்தில் ஒரு பகுதி வழவழப்பாக, கடற்கரை மணலில் அலை விட்டுச்சென்ற கோடுகள்போல் வரிவரியாக இருக்கும். கடைசியாக அறுந்த பகுதி மட்டும் சொரசொரப்பாக இருக்கும். சொரசொரப்பு சிறிதாக இருந்தால் சுமை குறைவு, நாட்ச்தான் காரணம் என்று பொருள். பாதிக்கு மேல் சொரசொரப்பு என்றால் சுமையே அதிகம். வரிகள் எந்தப் புள்ளியைச் சுற்றி வளைகின்றனவோ, விரிசல் அங்கேதான் பிறந்தது.

இனி பேரிங். 30 மி.மீ. துளைக்கு 6206 எண் பேரிங்: வெளிவிட்டம் 62, அகலம் 16, சுமைத்திறன் சுமார் 19.5 கிலோ நியூட்டன். புல்லிப் பக்கப் பேரிங்கில் சுமை 1030 நியூட்டன். சூத்திரத்தில் போட்டால் ஆயுள் 2,35,000 மணி நேரம் வரும். இரவு பகலாக ஓடினாலும் 26 ஆண்டு. எந்த பேரிங்கும் அப்படி ஓடுவதில்லை என்பது ஃபிட்டருக்குத் தெரியும். தூசி, தண்ணீர், தவறான கிரீஸ், அலைன்மென்ட் கோணல், சுத்தியலடி: பேரிங் சாவது இவற்றால். சுமைக் கணக்கு இங்கே சொல்வது "சுமை ஒரு பிரச்சினையே இல்லை, தூசியைத் தடுக்கும் சீல் மூடியையும் ஃபிட்டையும் கவனி" என்பதைத்தான். மாணவர் அந்த 26 ஆண்டை விடையாக எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

ஃபிட், அதாவது பேரிங் எவ்வளவு இறுக்கமாக உட்காருகிறது என்ற விஷயத்தில் ஒரே ஒரு விதியைப் புரிந்துகொண்டால் போதும். சுமை ஒரே திசையில் நிற்க, வளையம் சுழன்றால் அந்த வளையம் இறுக்கமாக உட்கார வேண்டும். இங்கே சுழல்வது உள்வளையம். ஆகவே ஷாஃப்ட்டுக்கு கே6 என்ற டாலரன்ஸ் (அனுமதிக்கும் அளவு வேறுபாடு), அதாவது 30 மி.மீ.க்கு மேல் 2 முதல் 15 மைக்ரான் கூடுதல். பேரிங் துளை 30-லிருந்து 10 மைக்ரான் வரை குறைவாக வரும். இறுக்கம் 2-க்கும் 25 மைக்ரானுக்கும் நடுவில் அமையும். வெளிவளையம் உட்காரும் ஹவுசிங்குக்குப் பெரிய எழுத்து எச்7. தவறிப்போய் ஷாஃப்ட்டுக்குச் சின்ன எழுத்து எச்6 போட்டால் அளவு 30-க்குக் கீழே 13 மைக்ரான் வரை போகலாம். உள்வளையம் ஷாஃப்ட்டின் மேல் மெல்ல ஊர்ந்து, சில மாதங்களில் ஷாஃப்ட்டைத் தின்றுவிடும். பிரைட் பார் எனும் பளபளப்பான ஆயத்தக் கம்பியை அப்படியே வெட்டி பேரிங் ஏற்றுபவர்களுக்கும் இதே கதிதான். அதன் டாலரன்ஸ் எப்போதும் கீழ்நோக்கியே இருக்கும். இன்னொன்று: கே6-இன் மொத்த இடைவெளி 0.013 மி.மீ.; வெர்னியர் காலிப்பரின் மிகச்சிறிய அளவே 0.02. வெர்னியரை வைத்துக்கொண்டு பேரிங் சீட்டை "ஓகே" சொல்ல முடியாது, மைக்ரோமீட்டர் வேண்டும்.

பேரிங் சாயும் உள்பக்க ஷோல்டரில் ஒரு முரண்பாடு வரும். களைப்புக்குப் பெரிய ரேடியஸ் வேண்டும். 6206-இன் மூலையோ 1 மி.மீ.தான். ஷாஃப்ட்டில் அதற்கு மேல் ரேடியஸ் விட்டால் பேரிங் ஷோல்டரைத் தொடாமல் ரேடியஸின் மேல் ஏறி உட்கார்ந்து கோணும். கேட்டலாகில் ஷோல்டர் விட்டம் குறைந்தது சுமார் 36 மி.மீ. என்று கொடுத்திருப்பார்கள். ரேடியஸ் போதாவிட்டால் உட்பக்க விளிம்பைச் சரிவாகச் சீவிய (சாம்ஃபர் செய்த) ஸ்பேசர் வளையம் ஒன்றை நடுவில் வைக்கலாம். இந்த மாதிரிச் சமரசங்கள்தான் வடிவமைப்பு. மென்பொருள் இதில் எதையும் கேட்காது, 3 மி.மீ. ரேடியஸின் மேலேயே பேரிங்கை ஏற்றி அழகாகக் காட்டும்.

இரண்டு பேரிங்கையும் அச்சுத்திசையில் பூட்டக் கூடாது. ஒன்று பூட்டப்பட வேண்டும், மற்றது ஹவுசிங்கில் நகர வேண்டும். ஷாஃப்ட் சட்டத்தைவிட 40 டிகிரி சூடானால் 300 மி.மீ. நீளம் 0.14 மி.மீ. வளரும். போக இடமில்லாவிட்டால் அந்த வளர்ச்சி முழுவதும் குண்டுகளின் மேல் அழுத்தமாக விழும். ஏற்றும்போது உள்வளையத்தை மட்டுமே தள்ள வேண்டும், வெளிவளையத்தைத் தட்டினால் அடி குண்டுகள் வழியாகப் போய்ப் பாதையில் பள்ளம் விழும். கிரீஸ், காலி இடத்தில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை. நிரம்ப அடைத்தால் குளிர்ச்சி வராது, சூடுதான் ஏறும்.

கீயும் போல்ட்டும் சுருக்கமாக. 25 மி.மீ. ஷாஃப்ட்டுக்குத் தரநிலைக் கீ 8 × 7. நீளம் 40 மி.மீ. வைத்தால் வெட்டுத் தகைவு 18.4 மெகாபாஸ்கல்தான். கவலையே இல்லை. எம்10, 8.8 தர போல்ட்டை 50 நியூட்டன் மீட்டரில் இறுக்கினால் சுமார் 25 கிலோ நியூட்டன் பிடி கிடைக்கும். பேரிங்கைத் தாங்கும் அடிக்கட்டையான பிளம்மர் பிளாக்கை நகராமல் நிறுத்துவது அந்தப் பிடி தரும் உராய்வு. போல்ட்டின் உடம்பு குறுக்குச் சுமையைத் தாங்குகிறது என்று நினைத்துக் கணக்குப் போடுபவர்கள், தளர்ந்த போல்ட் ஏன் அறுகிறது என்பதைப் புரிந்துகொள்ள மாட்டார்கள். எண்ணெய் தடவிய மரையில் அதே முறுக்கு கூடுதல் இழுவையைத் தரும் என்பதும் நினைவிருக்கட்டும்.

பரவலான ஒரு தவறான நம்பிக்கை: ஷாஃப்ட் வளைகிறது, ஈ.என். 24 என்ற வலிமையான எஃகுக்கு மாற்றினால் சரியாகிவிடும் என்பது. எல்லா எஃகின் விறைப்பும் ஏறக்குறைய ஒன்றுதான், 2.1 லட்சம் மெகாபாஸ்கலை ஒட்டி. உயர்ந்த எஃகு முறிவதைத் தள்ளிப்போடும், வளைவதைக் குறைக்காது. வளைவைக் குறைப்பது விட்டம். அதுவும் நான்காம் மடியில். 25-ஐ 30 ஆக்கினால் விறைப்பு இரட்டிப்பாகும்.

கணினிப் பகுப்பாய்வைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் மாணவர் திட்ட அறிக்கைகளில் வண்ணப் படங்கள் குவிகின்றன. ரேடியஸ் வரையாத கூர்மையான உள்மூலையில் மெஷ்ஷை, அதாவது கணக்குக்காகப் பிரிக்கும் கட்டங்களை, சிறிதாக்கச் சிறிதாக்கத் தகைவு ஏறிக்கொண்டே போகும், நிற்கவே நிற்காது. கோட்பாட்டில் அங்கே தகைவு முடிவிலி. ஆகவே "உச்சத் தகைவு இவ்வளவு" என்று அந்தச் சிவப்புப் புள்ளியைக் காட்டும் எண்ணுக்குப் பொருளே இல்லை. கையால் 53 என்று போட்டு, அட்டவணையில் 2.3 பார்த்து, 121 வரும் என்று எதிர்பார்த்துவிட்டுக் கணினியைத் திறப்பவருக்குத்தான் அது பயன்படும்.

கடைசியாக டிராயிங். பேரிங் சீட் இரண்டுக்கும் கே6, மேற்பரப்புச் சொரசொரப்பு 0.8 மைக்ரான், ஒன்றுக்கொன்று ரன்-அவுட் (சுழலும்போது தெரியும் ஆட்டம்) 0.02 மி.மீ. புல்லி சீட்டுக்குச் சின்ன எச்6. மூலை ரேடியஸ் ஒவ்வொன்றும் எண்ணாக. இரு முனையிலும் சென்டர் துளை. ஒரே சென்டரில் வைத்து இரு சீட்டையும் கடைந்தால்தான் அவை ஒரே அச்சில் அமையும். மற்ற நீளங்களுக்குப் பொது டாலரன்ஸ் போதும். எல்லா அளவுக்கும் 0.01 எழுதும் மாணவர், எது முக்கியம் என்று தனக்கே தெரியாது என்பதைத்தான் எழுதுகிறார். ஒர்க்‌ஷாப்பில் அந்த டிராயிங்குக்கு விலை சொல்லும்போது அது தெரிந்துவிடும்.

பல்கலைக்கழகத் தேர்வுகளில் "விட்டத்தைக் கண்டுபிடி" என்பதோடு நிறுத்தாமல், மோட்டாரையும் புல்லியையும் மட்டும் கொடுத்து, அளவும் டாலரன்ஸும் ரேடியஸும் குறித்த கைவரைபடம் ஒன்றைக் கேட்கலாம். தரவு நூலைத் தேர்வறையில் ஏற்கெனவே அனுமதிக்கிறார்கள். பேரிங் கேட்டலாகின் இரண்டு பக்கங்களையும் சேர்த்துக் கொடுக்கலாம். தங்கள் நாளிதழின் கல்விப் பக்கத்தில் வாரம் ஒரு வடிவமைப்புக் கணக்கை வெளியிட்டு, மறுவாரம் விடை தரலாம் என்பது எங்கள் வேண்டுகோள். முதல் கணக்காக இதையே வைக்கலாம்: மேலே சொன்ன புல்லியைத் தொங்கவிடாமல் இரு பேரிங்குகளுக்கு நடுமையத்தில் வைத்தால் வளைவுத் திருப்பம் எவ்வளவு? 88 என்பது 55 நியூட்டன் மீட்டராகக் குறையும். அந்த ஏற்பாட்டில் ஒரு வி-பெல்ட்டை மாற்ற என்னென்ன கழற்ற வேண்டியிருக்கும் என்ற கேள்வியையும் அதோடு சேர்த்துக் கேளுங்கள்.

இப்படிக்கு,
இயந்திர வடிவமைப்புத் துறை வாசகர்கள் சிலர்,
கோயம்புத்தூர்.